கேட்கும் கருவி யாருக்காக?

கடைக்குச் சென்று பாட்டுக் கேட்கும் கருவி வேண்டுமென்று சொல்பவரிடம், கடைக்காரர் முதலில் விலையைச் சொல்வார். அடுத்து, அதில் எத்தனை ஆயிரம் பாடல்கள் கொள்ளும் என்று கணக்குச் சொல்வார். இவ்விரண்டும் அறிய வேண்டியவையே. ஆயினும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. இக்கருவியைக் கேட்கப் போகிறவர் யார்? அவர் எதைக் கேட்கப் போகிறார்? தனித்துக் கேட்பாரா, வீட்டாருடன் சேர்ந்து கேட்பாரா? இதற்கு விடை கண்டபின், எந்தக் கருவி என்பது பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

இரண்டு துளைகளின் கதை

கையில் எடுத்துச் செல்லும் இசைக் கருவிகளின் வரலாற்றில் சிந்திக்கத்தக்க செய்தியொன்று உண்டு. சோனி நிறுவனத்தார் 1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானில் வாக்மேன் என்னும் சிறு கேசட் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஹெட்போன் செருகும் துளைகள் அதில் இரண்டு இருந்தன. ஒருவர் மட்டும் தனியே கேட்பது அருகிலிருப்போருக்கு மரியாதைக் குறைவாகும் என்று அந்நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான அகியோ மோரிட்டா கருதியதே அதற்குக் காரணம். ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் இசை தணிந்து, அருகிலிருப்பவரின் பேச்சுக் காதில் விழும். ஆனால் வாங்கியவர்களோ அதைத் தமக்கு மட்டுமே உரிய பொருளாகக் கொண்டனர். காலப்போக்கில் அந்தப் பொத்தானும் மறைந்தது. இரண்டாம் துளையும் மறைந்தது.

பின்னர்க் கேசட்டின் இடத்தை எம்.பி.3 பிடித்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பிரவுன்ஹோபர் ஆய்வு நிலையத்தார் வளர்த்த இம்முறை, செவி உணராத ஒலிக்கூறுகளைக் குறைத்துப் பாடலைச் சுருக்குகிறது. குறுந்தகட்டில் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 எம்.பி. இடம் தேவை, நடுத்தர எம்.பி.3 பதிவுக்கு 1 எம்.பி. போதும். 1998இல் முதற் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 2001இல் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை வெளியிட்டது. 2022இல் அதனை நிறுத்திவிட்டது. பலருடைய கருவி இன்று கைப்பேசியே. எனினும், தனிக் கருவிகளை வேறு நிறுவனங்கள் இன்றும் செய்து விற்கின்றன.

கைப்பேசி இருக்க இது ஏன்?

கைப்பேசியில் பாட்டு மட்டுமா வருகிறது? பாட்டைத் தேடிச் சென்ற மகன் படத்தில் நிற்கிறான்; படத்திலிருந்து விளையாட்டுக்குப் போகிறான். படிப்பு மேசைக்கும் படுக்கைக்கும் இணையத்தை அனுப்ப விரும்பாத பெற்றோருக்கு, இணையத் தொடர்பற்ற எளிய கருவி பெரும் துணை. ஆனால் கடையில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். வடிவில் இசைக் கருவியாக இருந்தாலும், விலை உயர்ந்தவற்றுள் சில உள்ளே கைப்பேசியைப் போன்றே இணையத்துடன் இணைவன.

வீட்டிலுள்ள முதியோரின் தேவை வேறு. பார்வை மங்கி, செப நூலைப் படிக்க இயலாமற்போன பாட்டிக்குத் தொடுதிரை ஒரு சுமை. விரலால் தடவி அறியத்தக்க பொத்தான்களும், தெளிவான ஸ்பீக்கரும், மெமரி கார்டு செருகும் வசதியும் உடைய சிறு பெட்டியே அவருக்கு ஏற்றது. விவிலிய வாசகம் போன்ற நீண்ட பதிவுகளைக் கேட்போருக்கு, நிறுத்திய இடத்திலிருந்தே தொடரும் வசதி இன்றியமையாதது. இது எல்லாக் கருவிகளிலும் இருப்பதில்லை. கடையிலேயே அணைத்து, மீண்டும் இயக்கிப் பாருங்கள். எளிய கருவிகள் பலவும் பெயர் வரிசைப்படியே பதிவுகளை இசைக்கும். ஆதலால் பெயருக்கு முன் 01, 02 என எண்ணிட்டு வைப்பது நலம். 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தபின் செபமாலை மறையுண்மைகள் நான்கு வகையாயின. நான்கினையும் நான்கு பதிவுகளாக வைத்தால், பிறர் உதவியின்றி அந்தந்த நாளுக்குரியதை அவரே தேர்ந்து செபிப்பார். யாரையும் எதிர்பாராமல் செபிக்க முடிகிறது என்பது முதுமையில் எத்துணை ஆறுதல்!

பாடற்குழுவினரோ, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் வசதியும் குரலைப் பதிவு செய்யும் வசதியும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

அளவுக்கு மீறிய கொள்ளளவுக்குப் பணம் கொடாதீர்கள். 32 ஜி.பி. கார்டில் நடுத்தரப் பதிவுகள் 500 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். அதனினும் பெரிய கார்டுகளைச் சில மலிவான கருவிகள் ஏற்பதுமில்லை. பேட்டரியைக் கழற்றி மாற்ற இயலுமா என்று பாருங்கள். உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரி தேய்ந்தால் பல கருவிகள் பயனற்றுப் போகும். சாதாரண ஹெட்போன் செருகும் துளை உண்டா என்றும், ரசீதும் உத்தரவாத அட்டையும் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

செவி எனும் கொடை

விலையினும் முக்கியமானது செவியின் நலம். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்களே ஒலியை உணர்கின்றன. பேரொலியால் அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, வளர்ந்தோர் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 டெசிபலாயின் 4 மணி நேரமே. சிறுவர்க்கு 75 டெசிபலே எல்லை. ஆதலால் உச்ச ஒலியளவைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள கருவியையே பிள்ளைகளுக்கு வாங்குங்கள். கையெட்டும் தூரத்தில் நின்று நீங்கள் இயல்பாகப் பேசுவது மகளின் செவியில் விழவில்லையெனில், ஒலியைக் குறைக்கும் வேளை வந்துவிட்டது. பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் பழக்கமே பலருக்குக் கேடாகிறது.

நேர்மையும் வேண்டும்

சிறிது பணம் கொடுத்தால் கார்டு நிறையப் பாடல்களை ஏற்றித் தரும் கடைகள் உண்டு. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அப்பணத்தில் பங்கு போகிறதா? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்கு 60 ஆண்டுகள் பாதுகாப்பு அளிக்கிறது. பிறர் உழைப்பை விலையின்றி எடுத்துக்கொள்வது ஏழாம் கட்டளைக்கு உட்பட்ட காரியமே; பக்திப் பாடல் என்பதால் அது மாறிவிடாது. உரிய வழியில் வாங்கிய பாடல்களையும், உரியவர்களே இலவசமாக வழங்கும் பதிவுகளையும் கொண்டு கார்டை நிரப்புவோம். சிறிதாக இருந்தாலும் அது நேர்மையாய்ச் சேர்த்த செல்வம்.

கூடிக் கேட்போம்

சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட ஏடு, நல்லதைத் தேர்ந்து கொள்ளும் கடமை அவற்றைப் பயன்படுத்துவோருக்கு உண்டென்றும், பிள்ளைகள் பொருட்டு விழித்திருக்கும் பொறுப்பு பெற்றோருடையதென்றும் உணர்த்துகிறது. அவ்வேடு எழுந்த நாளில் எம்.பி.3 இல்லை, ஆயினும் அந்த அறிவுரை பழையதாகிவிடவில்லை.

காதை அடைத்துக்கொண்ட நால்வர் ஒரே கூரையின்கீழ் இருந்தும் நான்கு தீவுகளாய் வாழ முடியும். ஆகவே புதுக் கருவி வந்த நாளிலேயே வீட்டில் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ளுங்கள். உண்ணும் வேளையிலும் செப வேளையிலும் எவர் காதிலும் இயர்போன் இருத்தல் ஆகாது. நாளுக்கு ஒரு பாடலாவது ஸ்பீக்கரில் அனைவரும் சேர்ந்து கேட்க வேண்டும். பேரன் விரும்பும் பாட்டைத் தாத்தாவும், தாத்தா போற்றும் பழைய ஞானப்பாடலைப் பேரனும் அமர்ந்து கேட்கட்டும். அவ்வாறு கேட்கும் இல்லத்தில், வாங்கிய கருவி மலிவானதாயினும் கொடுத்த விலைக்கு மேலாகவே பயன் தரும்.