சேமிப்பா, தள்ளிவைப்பா?

பொருளாதாரம் தளரும்போது அரசுக்கு நெருக்கடி இரு பக்கமும் வருகிறது. வணிகம் சுருங்குவதால் வரி குறைகிறது. அதே வேளையில் நிவாரணத்துக்கான தேவை கூடுகிறது. அப்போது நிதித்துறை எங்கிருந்து பணத்தை மிச்சப்படுத்துகிறது? 2020-இன் கரோனா பொதுமுடக்கக் காலம் இதற்குத் தெளிவான விடையைத் தருகிறது.

அரசுச் செலவின் பெரும்பகுதி முன்கூட்டியே உறுதியாகிவிட்ட ஒன்று. ஊதியம், ஓய்வூதியம், கடனுக்கான வட்டி ஆகியவற்றை எந்த அரசும் நினைத்தவுடன் நிறுத்திவிட முடியாது. எஞ்சியதில்தான் கத்தரி வைக்க வேண்டும்.

முதலில் வெட்டப்படுபவை கண்ணில் படும் செலவுகள். 2020 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம் ஓராண்டுக்கு 30% குறைக்கப்பட்டது. அடுத்த மாதம் தமிழக அரசு அலுவலகச் செலவு, பயணம், விளம்பரம் ஆகியவற்றைக் குறைத்தது. நல்ல முன்மாதிரிதான், ஆனால், பற்றாக்குறையின் முன் இந்தத் தொகை மிகச் சிறியது.

எனவே, பெரிய தொகைகளைத் தேட வேண்டியதாகிறது. மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களின் மூன்று தவணை அகவிலைப்படி உயர்வு 2021 ஜூன் வரை நிறுத்தப்பட்டது. தமிழகமும் இதையே பின்பற்றியது. 2021 ஜூலையில் மத்திய அரசின் அகவிலைப்படி 17 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக உயர்ந்தபோதும், இடைப்பட்ட 18 மாத நிலுவை வழங்கப்படவில்லை. இதனால் மத்திய அரசுக்கு மிச்சமான தொகை சுமார் ரூ.34,400 கோடி. இது உண்மையான சேமிப்பே. ஆனால், விலைவாசி உயர்வின் சுமை ஊழியர் குடும்பங்களின் தோளுக்கு மாறியது.

சில நடவடிக்கைகள் சேமிப்பைப்போலத் தோற்றமளிக்கும் தள்ளிவைப்புகள். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு பெறும் வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. பணிக்கொடையும் ஓய்வூதியப் பலன்களும் அப்போதைக்கு வழங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால், அந்தப் பொறுப்பு மறையவில்லை, பின்வரும் ஆண்டுகளுக்கு நகர்ந்தது. இடையில் விலை கொடுத்தவர்கள் காலிப் பணியிடங்களுக்காகக் காத்திருந்த இளைஞர்கள்.

இவற்றையெல்லாம்விட ஓசையின்றி நடப்பது, சாலை, பாலம், கால்வாய்ப் பராமரிப்புப் பணிகளை ஒத்திவைப்பது. ஊதியம் குறைந்தால் குரல் கொடுக்கச் சங்கம் உண்டு; பழுதடைந்த மதகுக்குச் சங்கம் இல்லை. ஆனால், இன்று சில லட்சத்தில் முடியும் பராமரிப்பு, நாளை கோடிகளில் புனரமைப்பாக வந்து நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் பள்ளம் நிரம்பவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21-இன் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி என்றது. சிக்கனத்தால் ஈடுகட்ட முடியாததைக் கடன்தான் ஈடுகட்டியது.

வருவாய் வீழ்ந்தால் செலவைக் குறைப்பது தவிர்க்க முடியாதது. ஆனால், ஒவ்வொரு குறைப்பும் நிரந்தரச் சேமிப்பா, தள்ளிவைக்கப்பட்ட செலவா, தள்ளிவைப்பு எனில் எந்த ஆண்டில் யார் அதைச் சுமப்பார் என்பதை நிதிநிலை அறிக்கையிலேயே தனியே குறிப்பிட வேண்டும். மிச்சப்படுத்திய தொகையை அறிவிக்கும் அரசு, மீதமிருக்கும் பொறுப்பையும் சேர்த்து அறிவிப்பதே நேர்மையான கணக்கு.