ஆஸ்பிரின் உட்கொண்டும் மீண்டும் பக்கவாதம் ஏன்?

"மாத்திரை உட்கொண்டும் மீண்டும் பக்கவாதம் வந்ததே, ஏன்?" எனக் குடும்பத்தினர் பலர் வினவுவதுண்டு.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைப்பதால் உண்டாவது அடைப்புவகைப் பக்கவாதம். இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டத் தூண்டும் திராம்பாக்சேன் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. தட்டணுவின் ஆயுளான 7 முதல் 10 நாள்கள் வரை இவ்விளைவு நீடிக்கும். எனினும், நாள்தோறும் புதிய தட்டணுக்கள் பிறப்பதால் மாத்திரையும் நாள்தோறும் தேவைப்படுகிறது.

சிலரிடம் இம்மருந்தின் பயன் குறைவாகக் காணப்படும். அடிக்கடி மாத்திரையைத் தவறவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மூட்டுவலிக்கு உண்ணும் ஐபுபுரோஃபென் ஆஸ்பிரினின் செயலைத் தடுக்கக்கூடும். நீரிழிவு உள்ளோரிடம் தட்டணுக்கள் விரைவில் புதுப்பிக்கப்படுவதும் பயனைக் குறைக்கலாம். சீரற்ற இதயத்துடிப்பால் பக்கவாதம் வந்திருப்பின், பெரும்பாலும் வேறு வகை மருந்தே தேவைப்படும்.

ஆதலால் மாத்திரையின் அளவைத் தாங்களாகவே கூட்ட வேண்டா. பல் பிடுங்குவதற்கென்று தாங்களாகவே நிறுத்தவும் வேண்டா. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், தவறவிட்ட நாள்களையும், மருத்துவரிடம் மறையாது கூறுங்கள்.

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அது மூளை இரத்தக்கசிவாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்த பின்னரே உறுதி செய்ய இயலும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.