இரண்டாவது கோட்டில் தங்கம்

மெடிக்கல் ஷாப்பில் காகித உறையில் போட்டுத் தரும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் இரண்டாவது கோடு விழுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அந்த நிறம் மறக்காது. ரோஜா நிறம். நிறைய கிட்களில் அது சாயமே இல்லை, தங்கம். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தோமே, அந்த ஆன்டிஜென் கிட்களில் பலவற்றிலும் இதே சங்கதிதான். உடனே அடகுக்கடைக்கு ஓட வேண்டாம். அதிலிருப்பதைக் குன்றிமணித் தங்கம் என்றுகூடச் சொல்ல முடியாது.

மஞ்சள் உலோகம் ரோஜாவாவது எப்படி? தங்கம் மஞ்சளாக மின்னுவதெல்லாம் வளையலாக, காசாக, கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கும்போதுதான். கிட்டில் இருக்கும் துகள் ஏறக்குறைய 40 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இரண்டாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சிறுத்த துகளின் மீது ஒளி விழுந்தால், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் கூட்டமாக ஊஞ்சலாடத் தொடங்கும். ஊஞ்சலுக்கு அதன் தாளத்தில் தள்ளினால்தானே வேகம் பிடிக்கும்? இந்த ஊஞ்சலின் தாளம் பச்சை ஒளியின் தாளம். பச்சையை அது விழுங்கிவிட, சிவப்பு தப்பி வருகிறது. துகள்கள் நெருக்கமாக இருந்தால் மாதுளைச் சாறு போன்ற சிவப்பு, நீர்த்துப்போனால் ரோஜா.

இதன் காரணம் தெரியாமலே கைவினைஞர்கள் இதைப் பல நூற்றாண்டுகள் ஆண்டிருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கோப்பை என்றொரு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பு. தங்கமும் வெள்ளியும் நுண்துகள்களாகக் கண்ணாடிக்குள் கலந்திருப்பதுதான் காரணம்.

17-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், ராஜதிராவகத்தில் கரைத்த தங்கத்தோடு வெள்ளீய உப்பைச் சேர்த்து ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு பொடியை எடுத்தார்கள். ஆந்திரேயாஸ் காஸியுஸ் என்பவரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. போட்ஸ்டாமில் யோஹான் குங்கெல் அந்தத் தங்கத்தைக் கண்ணாடியில் ஏற்றினார். குங்கெல் ஒரு ரசவாதி. மற்ற ரசவாதிகள் கண்டதையும் உருக்கித் தங்கம் செய்ய அலைந்தபோது, கையிலிருந்த தங்கத்தைக் கரைத்துக் கண்ணாடி செய்த மனுஷர்! உலையிலிருந்து எடுக்கும்போது அந்தக் கண்ணாடியில் நிறமே இருக்காது. மறுபடி சூடேற்றினால்தான், உள்ளே தங்க அணுக்கள் திரண்டு துகளாகி, சிவப்பு மெல்ல ஏறும்.

1720-களில் சீனாவின் ஜிங்டெஜென் பீங்கான்களில் ரோஜாப் பூக்கள் பூத்ததும் தங்கத்தால்தான். சீனர்கள் அதை 'யாங்த்ஸாய்', அதாவது அந்நிய வண்ணம் என்றே அழைத்தார்கள்.

காரணத்தைத் தேடி முதலில் இறங்கியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தோடே நாம் சேர்த்து நினைக்கும் அதே ஃபாரடே. தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தார், திரவம் சிவந்தது. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களே இந்த நிறத்துக்குக் காரணம் என்று 1857-இல் அறிவித்தார். பிறகு ரிச்சர்ட் சிக்மோன்டி, காஸியுஸின் பொடியில் இருப்பதும் நுண்தங்கமே என்று காட்டினார். அத்தகைய துகள்களைப் பார்க்க ஒரு நுண்ணோக்கியையே உருவாக்கி, 1925-ஆம் ஆண்டின் வேதியியல் நோபலையும் பெற்றார்.

பஞ்சுமிட்டாயில் கலந்ததாக 2024-இல் தமிழ்நாட்டில் பிடிபட்ட ரோடமின்-பி நிறமும் ரோஜாதான். ஆனால் அது சாயம், வெயிலில் வெளுக்கும். தங்கத்தின் ரோஜா வெளுக்காது. ஃபாரடே கலக்கிய சில குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் சிவப்பாகவே நிற்கின்றன.

வெயிலுக்கு அசையாத இந்த நிறம் உப்புக்கு அசைந்துவிடும். ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் போதும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, திரவம் நீலமாகிவிடும். இதை ஃபாரடேயே கவனித்திருந்தார். சிறுநீரிலோ உப்புக்குக் குறைவில்லை. அதனால்தான் கிட் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு துகளுக்கும் புரதத்தால் மேல்பூச்சுக் கொடுக்கிறார்கள். அந்தப் புரதமே கர்ப்ப ஹார்மோனைக் கவ்விப் பிடிக்கவும் செய்கிறது. ஹார்மோனைச் சுமந்துகொண்டு பட்டையில் ஊர்ந்து வரும் தங்கம், கோட்டில் மாட்டிக் கூட்டமாகச் சேரும்போதுதான் நம் கண்ணுக்கு ரோஜா தெரிகிறது.