கல்லாகிப் போன மரங்கள்: திருவக்கரைக்கு ஒரு பயணம்

விடுமுறை வந்தால் நம் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று கிளம்பி விடுகின்றன. சென்னை போகும் ரயிலில் விழுப்புரத்தைத் தூக்கத்திலேயே கடந்து விடுகிறோம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், வானூர் வட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. ஊருக்கு அருகே சாலையோரச் செம்மண் மேட்டில், பார்த்தால் வெட்டிப் போட்ட மரத்தடிகள் போலவே கிடப்பவை அத்தனையும் கல். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதுமையாகத்தான் இருக்கும். குமரி மாவட்டத்து மலைப்பாறைகள் இதைவிடவும் மூத்தவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஆனால் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து இறுகியவை என்பதால், அவற்றில் மரத்தையோ விலங்கையோ தேடிப் பயனில்லை. திருவக்கரையில் இருப்பது ஆற்று வெள்ளம் கொண்டு வந்து சேர்த்த மணல் இறுகி உண்டான மணற்கல்.

மரம் எப்படிக் கல்லாகும்? வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலுக்குள் ஆழமாகப் புதைந்தன. காற்றுப் படாததால் சீக்கிரம் மட்கவில்லை. மணலுக்குள் ஊறிய நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. அது மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து படிந்தது. மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகப் போக, அந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. அச்சு மாறாமல் நடந்த மாற்றம் இது. அதனால்தான் வளர்ச்சி வளையங்களும் கணுக்களும் இன்றும் தெரிகின்றன. நாகர்கோவில் மரக்கடை ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போனால், தட்டிப் பார்க்கும் வரை மரம் என்றே சொல்வார்.

இதைக் கல்மரக் காடு என்று சொல்வது வழக்கம். ஆனால் இம்மரங்கள் இந்த இடத்தில் வளர்ந்தவை அல்ல. வேரோ கிளையோ இலையோ எதுவும் இல்லாமல் வெறும் தடிகளாகக் கிடப்பதே அதற்குச் சான்று. எங்கோ மேற்கே நின்ற காட்டை வெள்ளம் பெயர்த்து உருட்டி வந்திருக்கிறது. பூக்காத ஊசியிலை வகை மரங்களும் உண்டு. நம் புளிய மரத்துக்கு உறவான, பூத்துக் காய்க்கும் வகைகளும் உண்டு.

1781-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இப்போது சுமார் 247 ஏக்கர் பரப்பு, தேசியக் கல்மரப் பூங்காவாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பிள்ளைகளோடு போனால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். மதரஸா மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "உஸ்தாத், 2 கோடி வருஷம்னு பாடப்புத்தகத்துல போட்டிருக்கு. நம்பலாமா, கூடாதா?" இதற்குப் பல வீடுகளில் அதட்டல்தான் பதில். அதட்டினால், தீனா படிப்பா என்று ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறான். திருக்குர்ஆன் பூமிக்கு இத்தனை வயது என்று எந்த எண்ணையும் சொல்லவில்லை. அல்லாஹ்விடத்தில் ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டு போன்றது என்கிறது. வேறோர் இடத்தில் ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாளையும் சொல்கிறது. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பார்க்கச் சொல்வதும் அதே குர்ஆன்தான். அவனிடம் நாம் சொன்னது, "நம்பலாம், போய்ப் பார்த்துவிட்டும் வா" என்பதே.

பார்க்கலாம், தொடலாம், எடுக்கக் கூடாது. சின்னச் சில்லுதானே என்று பையில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வாசலில் அலங்காரத்துக்கு வைக்க ஆசைப்படுபவர்களும் உண்டு. இது பொதுச் சொத்து, நம் கையில் உள்ள அமானிதம். சில்லு சிறியது என்பதால் சட்டமும் மாறாது, மார்க்கத்தின் தீர்ப்பும் மாறாது. மரம் மறுபடி முளைக்கும், கல்மரம் முளைக்காது. பிள்ளைகளுக்கு இதைப் பூங்காவின் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் நேரம் இருப்பவர்கள், ஊர் திரும்பும் வழியில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கும் போகலாம். 18 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கல்மரம் அங்கே ஓடைக்கரையில் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அக்காலத்தில் கடல் அந்த ஊர் வரை வந்திருந்தது. இரண்டு இடங்களிலும் வெயில் கடுமை. சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிட்டு, அரையாண்டு விடுமுறையில் காலையிலேயே போவது நல்லது. குடிதண்ணீரை மறக்க வேண்டாம்.