கால் மைல் டிராக் பந்தயத்துக்கான எஞ்சின் மேம்பாடு

டிராக் பந்தயம் என்பது வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில் குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் போட்டி ஆகும். இதன் பழைய அளவு கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். வளைவுகள் இல்லாததால் வெற்றியைப் பெரும்பாலும் மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: எஞ்சினின் திறன், வண்டியின் எடை, டயரின் பிடிப்பு. பெரிய சிலிண்டரும் எளிய அமைப்பும் கொண்ட பழைய பாணி எஞ்சினில் இந்த நேரத்தைக் குறைக்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரகடத்தில் ஆலை கொண்டுள்ள ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் எஞ்சின்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

பின்னணி

அமெரிக்காவில் இவ்வகைப் போட்டியின் அடையாளமாக விளங்கியவை 'பிக் பிளாக்' எனப்படும் பெரிய வி8 எஞ்சின்கள். 1964இல் வந்த கிறைஸ்லரின் 426 ஹெமி (7.0 லிட்டர்), 1970இல் வந்த செவ்ரோலேயின் 454 (7.4 லிட்டர்) ஆகியவை புகழ்பெற்றவை. 454 எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் ஏறக்குறைய 930 சிசி கொள்ளளவு கொண்டது. கேம் ஷாஃப்டு கீழே இருக்க, புஷ்ராடுகள் எனப்படும் தள்ளுதண்டுகள் மேலேயுள்ள வால்வுகளை இயக்குவது இவற்றின் பொது அமைப்பு.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இத்தகைய கார்கள் அரிது. ஆனால் இதே தள்ளுதண்டு அமைப்பையும் பெரிய சிலிண்டரையும் கொண்ட புல்லட் எஞ்சின் இங்கு அனைவரும் அறிந்தது. அளவில் சிறியது என்றாலும், அதை மேம்படுத்தும் விதிகள் பிக் பிளாக்குக்கும் பொருந்தும்.

சென்னையில் மோட்டார் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நகரின் வடக்கே சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரப் பந்தயத்தளம் திறக்கப்பட்டது. தேசிய அளவிலான டிராக் பந்தயங்களும் இங்கு நடந்துள்ளன. தாம்பரம், வண்டலூர் பகுதியினர் வெளிவட்டச் சாலை வழியாக இங்கு செல்லலாம்.

திறன், எடை, நேரம்

கால் மைல் நேரம், எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வரும் விகிதத்தின் கனமூலத்தைப் பின்பற்றுகிறது. எனவே திறனை இரட்டிப்பாக்கினாலும் நேரம் பாதியாகாது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறையும்.

2013இல் வெளிவந்த கான்டினென்டல் ஜிடி 535 வண்டியின் திறன் 29.1 குதிரைத்திறன், எடை 184 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து 250 கிலோ எனக் கொண்டால், பொதுவாகப் பயன்படும் வாய்பாட்டின்படி நேரம் சுமார் 15.5 விநாடி வரும். திறனை 20 விழுக்காடு உயர்த்தினால் அது 14.6 ஆகும். எஞ்சினைத் தொடாமல் 25 கிலோ எடையைக் குறைத்தாலே 15.0 ஆகும். இவை கணக்கீட்டு மதிப்புகள் மட்டுமே. நல்ல பிடிப்பும் பிழையற்ற கியர் மாற்றமும் இருந்தால்தான் நடைமுறையில் இவற்றை நெருங்க முடியும்.

கொள்ளளவைக் கூட்டுதல்

அதிகக் காற்றும் எரிபொருளும் உள்ளே சென்றால் அதிகத் திறன் கிடைக்கும். அதற்கான நேரான வழி சிலிண்டரைப் பெரிதாக்குவது. 500 சிசி புல்லட் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 84 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 90 மி.மீ. ஜிடி 535 எஞ்சினில் ஓட்டம் மாறவில்லை. விட்டம் மட்டும் 87 மி.மீ. ஆனது. மூன்று மில்லிமீட்டர் கூடியதில் கொள்ளளவு 499இலிருந்து 535 சிசியாக, அதாவது 7 விழுக்காடு உயர்ந்தது. திறனும் 27.2இலிருந்து 29.1 ஆக, ஏறத்தாழ அதே விகிதத்தில் உயர்ந்தது.

விட்டத்தைக் கூட்டுவதற்கு எல்லை உண்டு. சிலிண்டர் சுவர் மெலிந்தால் வெப்பத்தில் உருக்குலையும். ஹெட் கேஸ்கெட் அமரும் இடமும் குறுகும்.

அழுத்த விகிதமும் வெப்பமும்

ஜிடி 535இன் அழுத்த விகிதம் 8.5:1. இதை 10:1 ஆக்கினால் வெப்பத்திறன் கோட்பாட்டளவில் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். ஆனால் கலவை உரிய நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி 'நாக்கிங்' எனும் தட்டல் ஏற்படும் வாய்ப்பும் கூடும். காற்றால் குளிரும் எஞ்சினில் இந்த ஆபத்து அதிகம். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனின் தலைப்பகுதி உடைந்துபோகக்கூடும். ஆகவே உயர் ஆக்டேன் பெட்ரோலும் சரியான தீப்பொறி நேரமும் தேவை.

சென்னையின் வெயிலும் கணக்கில் சேரும். 20 பாகை செல்சியசில் இருப்பதைவிட 38 பாகையில் காற்றின் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறைவு. திறனும் ஏறத்தாழ அதே அளவு குறையும். மறுபுறம், கடல்மட்டத்தை ஒட்டி இருப்பது சென்னைக்குச் சாதகம். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு.

காற்றோட்டமும் கலவையும்

சிலிண்டர் ஹெட்டின் துளைகளைச் சீராக்குவதும், வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்படி கேம் ஷாஃப்டை மாற்றுவதும் அடுத்த படிகள். நீண்ட நேரம் திறக்கும் கேம் உயர் சுழற்சியில் திறனைக் கூட்டும். குறைந்த சுழற்சியில் முறுக்குவிசையைக் குறைக்கும். புறப்படும்போது வண்டி திணறினால், இறுதியில் கூடும் வேகத்தால் பயனில்லை.

பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். உச்சத் திறன் கிடைப்பதோ 12.5 முதல் 13 பங்கு வரையிலான செறிந்த கலவையில். காற்றுவழிகளை மாற்றியபின் எரிபொருள் அளவைத் திருத்தாவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் அளவுமீறிச் சூடாகும்.

சுழற்சி வேகத்தின் எல்லை

நீண்ட ஓட்டம் கொண்ட எஞ்சினில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதிகத் தூரம் செல்கிறது. 90 மி.மீ. ஓட்டத்தில், நிமிடத்துக்கு 5,100 சுற்றுகளில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15.3 மீட்டர். அதே எஞ்சினை 6,500 சுற்றுகளுக்குத் தள்ளினால் வேகம் 19.5 மீட்டராகும். கனெக்டிங் ராடு மீதான நிலைமவிசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், அது 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். வால்வு ஸ்பிரிங்குகளும் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். அதனால் ராடு, பேரிங், ஸ்பிரிங் ஆகியவற்றை வலுப்படுத்தாமல் சுழற்சி எல்லையை உயர்த்தக்கூடாது.

புறப்பாடும் பிடிப்பும்

விளக்குக் கம்பத்தின் பச்சை விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் எடுத்துக்கொள்ளும் எதிர்வினை நேரம் தனியே அளக்கப்படுகிறது. ஓட்ட நேரம், முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதே தொடங்கும். கிளட்சை விடும் முறை, பின்டயரின் காற்றழுத்தம், செயின் பல்சக்கர விகிதம் ஆகியவற்றைச் சரிசெய்வது குறைந்த செலவில் நேரத்தைக் குறைக்கும். முன்சக்கரம் மேலெழாமல் இருக்க வண்டியைத் தாழ்த்தி நீளமாக்குவதும் இதற்காகவே.

சாலையும் தளமும்

மணிக்கு 126 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு 35 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆனால் அதற்குள் 35 மீட்டர் போய்விடும். அதன்பின் உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்குடனும் நிற்க ஏறத்தாழ 88 மீட்டர் வேண்டும். பந்தயத்தளத்தில் இதற்கென வெற்றுப் பாதை விடப்படுகிறது. ஜி.எஸ்.டி. சாலையிலோ வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலோ அந்த 123 மீட்டருக்குள் ஒரு பேருந்து நிறுத்தமோ சாலையைக் கடக்கும் ஒருவரோ இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே இவ்வாறு மாற்றிய எஞ்சின் கொண்ட வண்டியைத் தளத்துக்கு வேறொரு வாகனத்தில் ஏற்றிச் சென்று, ஆய்வுக்குப் பின் அங்கு மட்டுமே ஓட்டுவதே உரிய முறையாகும்.