ஓலை, பாசி, ஒரு வாழ்த்து அட்டை

மார்கழி பிறந்துவிட்டால் நம் கடைகளின் முன்னால் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று உண்டு. மளிகைக் கடை, பெட்டிக்கடை, பேன்சி ஸ்டோர் என்ற பேதமே இல்லை. சிவகாசியில் அச்சான சரக்கு கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கரும்பும் பானையும், சாமி படம், சினிமா நட்சத்திரம், இரண்டு கிளி என்று பிள்ளைகள் நின்று நிதானமாகப் பொறுக்குவார்கள். உறையை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் போட்டால் தபால்தலைச் செலவும் குறைவு. வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்தது, பிறகு கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. 2000-க்குப் பிறகு அந்த வியாபாரம் தேய்ந்து ஓய்ந்தது. பொங்கல் தாண்டிவிட்டால் அந்த அட்டைக்குப் பழைய பேப்பர் விலைதான் என்பதை மொத்த வியாபாரிகளான நாம் நன்கு அறிவோம்.

அட்டை போனாலும், தோழனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற பிள்ளைகளின் ஆசை போகவில்லை. இன்று அது வேறு வழியில் நம் கடைக்கு வருகிறது. பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுவதற்கும் சாக்லேட். ஆகஸ்ட் முதல் ஞாயிறு நண்பர்கள் தினம் என்றால் கையில் கட்டும் பட்டை. நெருங்கிய தோழிக்குத் தனியாகப் பரிசுப் பொருள். இதில் நமக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் கரையோரக் கடைக்காரர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் படகுத் தொழிலாளி வீடுகளில் அந்த இரண்டு மாதமும் கைப்பணம் புரளாது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நம் சிட்டையில்தான் ஏறும். ஜூனில் பள்ளி திறக்கும்போதும் தடை முடிந்திருக்காது. முடிந்தாலும் படகு பழுது பார்த்த செலவு நிற்கும். அந்தச் சமயத்தில் ஒரு தாய் வந்து, பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று சாக்லேட் பாக்கெட்டைக் கடனாகக் கேட்பதைப் பார்க்காத கடைக்காரர் நம்மில் யார்? கொடுக்காமலும் இருக்க முடியாது. கொடுத்து எழுதும்போது கை கூசும்.

காசில்லாமல், நாலு பேர் முன்னால் தலைகுனியாமல், ஒரு பிள்ளை தன் தோழனுக்குக் கொடுக்கக்கூடியது எது என்று பார்த்தால், அது நம் மாவட்டத்து மண்ணிலும் கடலிலுமே கிடக்கிறது.

முதலில் பனை. சாயல்குடி, கடலாடி வட்டாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பனைதான். கடிதத்துக்கே 'ஓலை' என்று பெயர் வைத்த மொழி நம்முடையது; ஆகவே நம் ஊர் முதல் வாழ்த்து அட்டை பனையோலைதான் என்று சொன்னால் தவறில்லை. செய்முறை எளிது. ஓலையை நரம்பு நீக்கி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கொதிநீரில் போட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, புத்தகத்துக்கு அடியில் வைத்தால் சமமாகிவிடும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அதில் அழுத்தி எழுத வேண்டும். கிழியாத அளவுக்கு மட்டும் அழுத்தம். எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் குழைத்து ஓலைமேல் தேய்த்துவிட்டுத் துணியால் துடைத்தால், கீறிய இடத்தில் மட்டும் கரி தங்கி எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் செய்த அதே வித்தை. பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி. ஓரத்தில் துளையிட்டு நூல் கோத்துவிட்டால் வாழ்த்து அட்டை ஆயிற்று.

கருக்கு மட்டை கையைக் கிழிக்கும். ஓலையைப் பெரியவர்கள் நறுக்கிக் கொடுத்துவிட வேண்டும்.

மிச்ச ஓலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, மீன், கிளி எல்லாம் முடையலாம். குருத்தோலை ஞாயிறன்று கடற்கரைக் கிராமத்துக் கோயில்களில் பிள்ளைகள் சிலுவையும் பூவும் மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை பழகிய வேலைதான். கருப்பட்டி வந்த ஓலைக்கொட்டானை வீசிவிடாமல் வைத்திருந்தால் மிட்டாய் போட்டுக் கொடுக்கும் சின்னப் பெட்டியாகும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகு, நாமே ஓலைப்பெட்டியைத் தேடும் நிலை வந்ததல்லவா? மரத்தை வெட்டுவதுதான் கூடாது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் நடும் திட்டத்தோடு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. ஓலை எடுப்பதற்கு மரம் சாக வேண்டியதில்லை.

அடுத்தது கடற்பாசி. கீழக்கரை வீடுகளில் நோன்பு மாதத்தில் காய்ச்சும் வெள்ளைக் கடற்பாசியை நாம் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறோம். அது வரும் பாசி இனங்கள் நம் கடலிலேயே விளைகின்றன. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று பெண்கள் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். பாசியில் உள்ள அந்தப் பிசின்தான் இங்கே பசை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மெல்லிய சிவப்புப் பாசியை ஒரு கொத்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க விட வேண்டும். கெட்டியான வெள்ளைத் தாளை அதற்கு அடியில் நுழைத்து மெதுவாகத் தூக்கினால் பாசி மரக்கிளை மாதிரி விரிந்தபடியே தாளில் படியும். மேலே மெல்லிய வேட்டித் துணி, அதன்மேல் செய்தித்தாள், அதற்கும் மேலே பாரம். பாரத்துக்கு நம் கடை எடைக்கல்லை விடச் சிறந்தது எது? செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும். சில நாளில் பாசி தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும்; எந்த அச்சகத்தாலும் அப்படி ஒரு பூவேலை செய்ய முடியாது என்பது நமது எண்ணம். தடித்த கட்டக்கோரை போன்றவை தானாக ஒட்டா. அவற்றுக்குப் பசை தடவ வேண்டும்.

சிப்பி விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ராமேசுவரம் கோயில் தெருக்களில் சிப்பி, சங்குப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் கடல் குதிரை, கடல் அட்டை, பவளப்பாறை, சில வகைச் சங்கு, சிப்பிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அழகாக இருக்கிறதே என்று காய்ந்த கடல் குதிரையையோ பவளத் துண்டையோ அட்டையில் ஒட்டினால், பிள்ளை விளையாட்டு என்று சட்டம் விட்டுவிடும் என நினைக்க வேண்டாம். விற்ற கடைக்காரர் கதி அதைவிட மோசம். உயிருள்ள எதையும் தொடாமல், கரையில் கிடக்கும் சாதாரண மட்டிச் சிப்பி ஓடு பத்து பொறுக்கினால் ஒரு அட்டைக்குப் போதும். இன்ன வகை என்று தெரியாததை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு விலை கொடுத்துப் பசை வாங்க வேண்டுமென்பதும் இல்லை. ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சினால் தாள் ஒட்டத் தாராளம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடும் பசையில் சேரவே கூடாது. அட்டைக்கு பிஸ்கட் பெட்டியும், பழைய கல்யாணப் பத்திரிகையும், மினுமினுப்புக்குத் தேயிலைப் பாக்கெட்டின் உள்தாளும் இருக்கின்றன.

இதனால் நமக்கு வியாபாரம் போய்விடுமே என்று சிலர் கேட்கலாம். நம் கணக்கு வேறு. பெரிய கடைகளில் கைவேலைப் பெட்டி என்று பளபளப்பான டப்பாவில் நூறு, இருநூறு என்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது நாலு தாளும் இரண்டு ஸ்கெட்ச் பேனாவும். அதையே நாம் உதிரியாக வைத்தால், ஒரு சார்ட் தாள், ஒரு முழம் சணல் நூல், ஒரு பொட்டலம் ஜிகினா என்று அஞ்சுக்கும் பத்துக்கும் பிள்ளைகள் வாங்கிப் போவார்கள். கடன் சிட்டையில் ஏறாத ரொக்க வியாபாரம் அது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஜூன் முதல் வாரத்துக்குள் இந்த உதிரிச் சரக்கை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காய்ந்த ஓலை வேண்டுவோர் சாயல்குடிப் பக்கம் பெட்டி முடையும் பெண்களிடம் கோடையிலேயே சொல்லி வைக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் ஓலை சரியாகக் காயாது, பூசணம் பூத்துவிடும்.