கம்பெனி மாறினால் போன் என்ன ஆகும்?

இன்று பல வீடுகளுக்கு ஃபைபர் கேபிள் வந்திருக்கிறது. அந்தக் கேபிள் ஒரு சிறிய பெட்டியில் வந்து சேருகிறது. இன்டர்நெட் அந்தப் பெட்டியிலிருந்துதான் கிடைக்கிறது. வீட்டுப் போனும் அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது.

சில கம்பெனிகள் பெட்டியோடு போனும் தருகின்றன. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்து பேசலாம். பேசி முடித்ததும் ஸ்டாண்டில் வைக்க வேண்டும். இதுதான் கார்ட்லெஸ் போன்.

மாதக் கட்டணம் கூடிவிட்டது. அல்லது லைன் அடிக்கடி போகிறது. நாம் வேறு கம்பெனிக்கு மாறுகிறோம். அப்போது பழைய போனை என்ன செய்வது? திருப்பித் தர வேண்டுமா? புதிய லைனில் போட்டுப் பேசலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

போன் யாருடையது?

போன் நம் வீட்டில் இருக்கிறது. அதனால் அது நம்முடையது ஆகிவிடாது. பில்லையும் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். போனுக்கு விலை கொடுத்திருந்தால் அது உங்களுடையது. டெபாசிட் அல்லது வாடகை என்று எழுதியிருந்தால் அது கம்பெனியுடையது. அதைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் டெபாசிட் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பெட்டி, போன், அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்கும் முன்பு போனில் பதிந்துள்ள பெயர்களையும் எண்களையும் அழித்துவிடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

டெபாசிட் திரும்பி வரவில்லையா? கம்பெனியின் புகார் மையத்தில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் கேட்கலாம்.

ஒயர் எங்கே போகிறது?

போன் உங்களுடையது என்றால் அதன் ஸ்டாண்டைத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஒயர் கரண்டுக்குப் போகும். இன்னொரு மெல்லிய ஒயர் பெட்டிக்குப் போகும். அதன் முனையில் சிறிய பிளாஸ்டிக் பின் இருக்கும். பழைய லேண்ட்லைன் போனிலும் இதே பின்தான். இந்த வகைப் போன் எந்தக் கம்பெனி லைனிலும் வேலை செய்யும்.

புதிய பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். போன் படம் போட்ட சிறிய துளை இருக்கும். அதில் பின்னைச் செருகுங்கள். போனை எடுத்துக் காதில் வையுங்கள். 'கொர்' என்ற டயல் சத்தம் கேட்டால் லைன் வந்துவிட்டது. சத்தம் இல்லாவிட்டால் புதிய கம்பெனியைக் கேளுங்கள். போன் வசதியை அவர்கள்தான் திறந்துவிட வேண்டும்.

சில போன்களில் பெட்டிக்குப் போகும் ஒயரே இருக்காது. அவை பழைய கம்பெனியின் பெட்டியோடு நேரே பேசும். பெட்டி போய்விட்டால் அந்தப் போன் ஊமை. இன்னும் சில போன்களில் இன்டர்நெட் ஒயர் செருகப்பட்டிருக்கும். அந்தப் போனுக்குள் பழைய கம்பெனியின் கணக்கு பதிந்திருக்கும். புதிய கம்பெனியில் அது பெரும்பாலும் ஓடாது. இவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எண் கூட வருமா?

செல்போன் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது. வீட்டுப் போனுக்கு இந்த வசதி இல்லை. கம்பெனி மாறினால் எண்ணும் மாறும்.

இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் பள்ளியில் பழைய எண் இருக்கும். காஸ் ஏஜென்சியில் இருக்கும். வங்கியில் இருக்கும். வெளியூரில் உள்ள மகள் அதற்குத்தான் போன் செய்வாள். பழைய லைனை நிறுத்தும் முன்பே எல்லோருக்கும் புதிய எண்ணைச் சொல்லுங்கள்.

பேட்டரியில் கவனம்

பழைய கார்ட்லெஸ் போன் சீக்கிரம் அணைந்துபோகிறதா? போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பேட்டரி தேய்ந்திருக்கலாம். பல போன்களில் சிறிய செல் இரண்டு இருக்கும். அவை ரீசார்ஜ் செல்கள். அவற்றின் மேல் 1.2 வோல்ட் என்று இருக்கும். அதே அளவில் புதிய ரீசார்ஜ் செல் வாங்கிப் போடுங்கள். ஓர் இரவு முழுவதும் ஸ்டாண்டில் வையுங்கள்.

டார்ச்சுக்குப் போடும் சாதாரண செல்லைப் போடக் கூடாது. ஸ்டாண்டு அதற்கும் கரண்டு ஏற்றும். செல் ஒழுகும். வெடிக்கவும் கூடும்.

கரண்டு போனால்?

பழைய செம்புக் கம்பி லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்டு போனாலும் சாதாரணப் போனில் பேச முடிந்தது. ஃபைபரில் ஒளிதான் வருகிறது, மின்சாரம் வருவதில்லை. கரண்டு போனால் பெட்டி அணையும். கார்ட்லெஸ் போனும் நின்றுவிடும்.

வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறாரா? நோயாளி இருக்கிறாரா? அப்படியானால் பெட்டிக்கு ஒரு சிறிய பேட்டரி யூபிஎஸ் வைப்பது நல்லது. பெட்டியில் ஒயர் உள்ள சாதாரணப் போன் ஒன்றையும் செருகி வையுங்கள். அதற்குத் தனியாகக் கரண்டு வேண்டாம். வெளியே கேபிள் அறுந்தால் எந்தப் போனும் உதவாது. ஆகவே ஒரு செல்போனையும் சார்ஜ் செய்து வையுங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

உதவாத போனையும் பேட்டரியையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். தீயிலும் போடாதீர்கள். அவற்றில் நச்சுப் பொருள்கள் உண்டு. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்

போன் யாருடையது என்று பில்லில் பாருங்கள்.
திருப்பித் தந்தால் ரசீது வாங்குங்கள்.
போன் பின் உள்ள கார்ட்லெஸ் போனை மீண்டும் பயன்படுத்தலாம்.
லைனை நிறுத்தும் முன்பே புதிய எண்ணைச் சொல்லுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டுப் போன் எந்த வகை?
கரண்டு போனால் அதில் பேச முடியுமா?
உங்கள் எண் யார் யாரிடம் இருக்கிறது? ஒரு பட்டியல் எழுதுங்கள்.